ஆழ்புவியோட்டுக் கல்லும் கையடக்கக் காந்த மானியும்: ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பாறையின் காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப் புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்பதை, அது கிடக்கும் இடத்திலேயே அளந்து சொல்லும் கையடக்க மானி ஒன்றை ஈராண்டுகளுக்கு முன் சொந்தப் பணத்தில் வாங்கினேன். சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் பல்லாவரத்துக்கும் நீலகிரிக்கும் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் செல்லும் நிலவியல் ஆசிரியனுக்கு அது ஆடம்பரமா, தேவையா என்று வீட்டில் நடந்த விவாதத்தை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு புதிய மோட்டார் சைக்கிளின் விலையை விட அதிகம் கொடுத்தேன் என்பது மட்டும் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயரையும் விற்ற முகவரின் பெயரையும் குறிப்பிடவில்லை. நான் சொல்லும் குறைகளில் சில என் கைக்கு வந்த ஒற்றைக் கருவிக்கு மட்டும் உரியவையாக இருக்கலாம். மற்றவை இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவானவை. அந்தப் பொதுவான குறைதான் இந்த மதிப்புரையின் மையம் என்பதால் பெயர் இல்லாததால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

கருவி உள்ளங்கையில் அடங்குவது; சட்டைப் பையிலும் திணித்து விடலாம். ஒரு முனையில் தட்டையான வட்ட முகம், மறுபுறம் சிறு திரை, மூன்று பொத்தான்கள். முகத்துக்குப் பின்னே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் ஏறத்தாழ பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அளவில் மின்னோட்டம் அலைகிறது. காந்தத்துக்கு இணங்கும் கல்லருகே முகத்தைக் கொண்டுசென்றால் சுருளின் தூண்டல் மாறி அலைவெண் சற்றே குறைகிறது. அந்தக் குறைவைத்தான் கருவி எண்ணாக மாற்றித் தருகிறது. முதலில் காற்றில் ஒரு முறை, பிறகு கல்லின் மீது ஒரு முறை, மீண்டும் காற்றில் ஒரு முறை என மூன்று தடவை அளந்தால்தான் ஒரு முழு அளவீடு. இரண்டு காற்று அளவீடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு, வெப்பத்தால் கருவியில் ஏற்பட்ட நகர்வைக் கழித்துக்கொள்கிறது. மொத்தம் எட்டு நொடிகள் ஆகும். திரையில் வரும் எண்ணை எஸ்.ஐ. அலகின் ஆயிரத்தில் ஒரு பங்காகப் படிக்க வேண்டும்; இந்த மதிப்புரையில் வரும் அளவீடுகள் அனைத்தும் அந்தக் கணக்கில்தான். 25 என்று காட்டினால் ஏற்புத்திறன் 0.025 என்று பொருள்.

வாங்கிய அன்றே சமையலறை மேடையில் சோதித்தேன். தூய வெள்ளைக் குவார்ட்ஸ் துண்டு ஒன்றின் மீது வைத்தபோது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, எதிர்மறை எண் ஒன்று வந்தது. குவார்ட்ஸ் காந்தத்தை மெல்ல விலக்கும் பொருள் என்பதால் அதுதான் சரியான விடை. நேர்மறை எண் வந்திருந்தால் கருவியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். புதிதாக வாங்குபவர்கள் முகவர் தரும் சான்றிதழை நம்புவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். செலவு எதுவுமில்லை. மேடைக் கல் மட்டும் காந்தம் ஏறியதாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு மேடை விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்புக் கிரானைட் என்ற பெயரில் விற்கப்படும் டோலரைட். அதனால் குவார்ட்ஸுக்குப் பதிலாக மேடையையே அளந்துவிட நேரலாம் என்பது பிறகுதான் புரிந்தது.

கருவியின் உண்மையான தேர்வு பல்லாவரத்தில் நடந்தது. பறங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் வட்டாரத்தின் கருநீலக் கல்லைத்தான் உலக நிலவியல் சார்னோக்கைட் என்று அழைக்கிறது. கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வட்டாரத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்தார். 1900-இல் ஹாலந்து வெளியிட்ட விரிவான அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருப்பெற்ற கல் இது. ஆழ்புவியோட்டை, அதாவது புவியோட்டின் அடிப்பகுதியை, பார்க்க மற்றவர்கள் துளையிட வேண்டியிருக்கிறது. நமக்கு மின்சார ரயிலில் சென்று இறங்கினால் போதும்.

பறங்கிமலையின் சார்னோக்கைட் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது; அங்கே சுத்தியலை எடுப்பது முறையல்ல. கல்லை உடைக்காமல், கீறாமல், தொட்டு மட்டும் அளக்கும் கருவியின் அருமை அங்கேதான் தெரிகிறது. கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் வெட்டுமுகத்தில் நான் வரிசையாக முகத்தை வைத்து வைத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, “கல்லுக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறீங்களா, சார்?” என்று கேட்டார். அதை விடச் சுருக்கமான விளக்கத்தை அந்தக் கருவியின் கையேட்டில் நான் காணவில்லை.

கிடைத்த எண்கள் என்னைத் தடுமாற வைத்தன. கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்த வெட்டுமுகத்தில் ஓரிடத்தில் 22 என்றும், ஒரு சாண் தள்ளி 3 என்றும், அதற்கும் சற்று மேலே ஒன்றுக்கும் கீழே 0.4 என்றும் காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று குவார்ட்ஸை எடுத்து மறுபடி சோதித்தேன், சரியாகவே இருந்தது. கைக்கண்ணாடியால் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. எண் உயர்ந்த இடங்களில் கறுப்பான, உலோகப் பளபளப்புள்ள மணிகள் பைராக்சீன் கனிமத்தை ஒட்டிக் கொத்தாகக் கிடந்தன. எண் தாழ்ந்த இடங்களில் அத்தகைய மணிகள் அரிதாகவே இருந்தன. கன அளவில் ஒரு விழுக்காடு மேக்னடைட், அதாவது காந்தமேறும் அந்த இரும்புக் கனிமம், இருந்தாலே ஏற்புத்திறன் 30 முதல் 40 வரை ஏறிவிடும். அது அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினாலும் கல்லின் நிறமோ எடையோ நம் கண்ணுக்கும் கைக்கும் மாறுவதில்லை. கல்லின் பெயர் ஒன்று. அதன் காந்தம் பல. சார்னோக்கைட் என்று வரைபடத்தில் ஒரே நிறம் தீட்டப்பட்ட பகுதிக்குள் ஏன் காந்தப் பிறழ்வு வரைபடம், அதாவது புவிக்காந்தப் புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் படம், இத்தனை ஏற்ற இறக்கம் காட்டுகிறது என்பதைப் பத்து ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன். கையால் தொட்டு உணர்ந்தது அன்றைக்குத்தான்.

பழம்பெரும் பாறைப் பகுதிகளில் ஏற்புத்திறன் அளவீடுகளைத் தொகுத்தால் அவை ஒற்றைக் குன்றாகச் சேராமல் இரண்டு குன்றுகளாகப் பிரியும் என்பது ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளின் ஆய்வுகளால் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஒரு குன்று 0.3-ஐ ஒட்டி இருக்கும். பைராக்சீன், பயோடைட் போன்ற கனிமங்களில் உள்ள இரும்பு தரும் மெல்லிய இணக்கம் மட்டுமே அங்கே. மற்றொன்று 10 முதல் 30 வரை. அது மேக்னடைட்டின் வேலை. இடையில் பள்ளம். இந்தக் கருவியின் மென்பொருள் எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி என்று ஓர் எண்ணைத் திரையில் போடுகிறது. 0.4, 22 ஆகியவற்றின் கூட்டுச் சராசரியான 11.2 அந்தக் கல்குவாரியில் எந்தக் கல்லின் எண்ணும் அல்ல. மடக்கை அளவுகோலில் பரவலைக் காட்டும் ஒரு சிறு வரைபடத்தையாவது கொடுத்திருக்கலாம். இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது பேராசையல்ல. நான் தனித்தனி எண்களை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஒரு வெட்டுமுகத்துக்குக் குறைந்தது இருபது இடங்கள் என்பது இப்போது என் வழக்கம்.

ஆழத்துப் பாறைகளில் மேக்னடைட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கருவி விடை தராது. ஆனால் கேள்வியைக் கூர்மையாக்கித் தருகிறது. பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் நீரைத் தம் கட்டமைப்பில் வைத்திருக்கும் கனிமங்கள். பாறை கிரானுலைட் எனப்படும் மிகுவெப்ப உருமாற்ற நிலைக்குச் சூடேறும்போது அந்த நீர் வெளியேறுகிறது. எஞ்சிய இரும்பின் ஒரு பகுதி ஹைபர்ஸ்தீன் என்ற பைராக்சீனில் அமர, மறுபகுதி மேக்னடைட்டாகவும் இல்மனைட்டாகவும் தனிக்கிறது. அவ்வேளையில் ஆக்ஸிஜன் எவ்வளவு கிடைத்தது என்பதைப் பொறுத்து மேக்னடைட் மிகலாம், அல்லது இல்மனைட்டோடு நின்றுவிடலாம். இல்மனைட் அறை வெப்பநிலையில் காந்தமாகாத கனிமம் என்பதால், இரும்பு நிறைய இருந்தும் கருவி 0.5 என்று காட்டும் சார்னோக்கைட்களும் உண்டு. நாட்டின் தெற்கு முனையில் கார்னட், சில்லிமனைட், கிராஃபைட் கலந்த கோண்டலைட் பாறைகளில் நான் எடுத்த அளவீடுகள் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த குன்றில்தான் விழுந்தன. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: கிராஃபைட் செறிந்த அடுக்கின் மீது எண்கள் தாறுமாறாக ஆடும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துகிறது. சுருளின் மாறுகாந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிவிடுகிறது. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் எழுத்துப் பிழையோடு.

கஞ்சமலையில் கருவி தோற்றது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சேலத்துக்கு மேற்கே உள்ள அந்த மலையின் மேக்னடைட் குவார்ட்சைட் அடுக்குகளில் காந்தக் கனிமம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூட இருக்கக்கூடும். முகத்தை வைத்த உடனே அளவு எல்லையைத் தாண்டிவிட்டதாகத் திரை அறிவித்தது. எல்லைக்குள் வந்த இடங்களிலும், அடுக்குகளுக்கு இணையாக வைத்தால் ஓர் எண், குறுக்காக வைத்தால் வேறோர் எண். அந்த மலையில் செல்பேசியின் திசைகாட்டியே போதும். ஒரு பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வடக்கு எங்கோ திரும்பிக்கொள்கிறது. ரஷ்யாவின் கூர்ஸ்க் பிறழ்வுக்கும் இதே வகை இரும்புப் பாறைதான் காரணம். அத்தகைய பிறழ்வுகள் கூர்மையானவை. அவற்றின் ஊற்று மேலோட்டமாக இருக்கிறது.

அங்கிருந்து அரை மணிப் பயணத்தில் உள்ள வெள்ளைக்கல் சுரங்கங்கள் வேறு பாடம் சொல்கின்றன. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் நரம்பின் மீது கருவி குவார்ட்ஸைப் போலவே எதிர்மறை எண் காட்டியது. அதைச் சூழ்ந்த டியூனைட், புவியோட்டுக்கும் கீழே உள்ள கவசத்தின் இனத்தைச் சேர்ந்த கல். அதில் மாற்றமடையாத பச்சைப் பகுதி ஏறத்தாழ வாயே திறக்கவில்லை. நீர் புகுந்து செர்பென்டைனாக மாறிய கரும்பச்சைப் பகுதியில் எண் பல மடங்கு ஏறியது, ஏனெனில் அந்த மாற்றத்தின்போது ஒலிவினிலிருந்து பிரிந்த இரும்பு மேக்னடைட்டாகிறது. 1979-இல் வாசிலெவ்ஸ்கி, தாமஸ், மேஹ்யூ ஆகிய மூவரும், புவியோட்டுக்கும் கவசத்துக்கும் இடைப்பட்ட மோகோ எல்லை நில அதிர்வு அலைகளுக்கு மட்டுமன்றிக் காந்தத்துக்கும் எல்லையாகும் என்று வாதிட்டதன் சாரம் இதுதான்: மாற்றமடையாத கவசப் பாறையில் காந்தம் தாங்கும் கனிமம் இல்லை, ஆகவே காந்தப் பிறழ்வுகளின் ஊற்று புவியோட்டோடு முடிந்துவிடுகிறது. கவசத்தின் மேற்பகுதியும் சில இடங்களில் சற்றுக் காந்தமேறியிருக்கலாம் என்ற எதிர்வாதம் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. அந்த வாதத்தை மாணவருக்கு விளக்க அந்தச் சுரங்க விளிம்பையும் இந்தக் கருவியையும் விட எளிய துணை எனக்குக் கிடைத்ததில்லை. கருவிக்குக் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒரு பிற்பகலில் திரும்பி வந்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை.

காந்த ஏற்புத்திறன் என்பது, இன்றைய புவிக்காந்தப் புலத்துக்குக் கல் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு. தமிழ்நாட்டில் அந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. வேறு அலகில் சொன்னால் மீட்டருக்கு ஏறத்தாழ 32 ஆம்பியர். கருவி 20 என்று காட்டும் சார்னோக்கைட்டில் புலம் தூண்டும் காந்தமாக்கம் 32-ஐ 0.020-ஆல் பெருக்கினால் வருவது: மீட்டருக்கு 0.64 ஆம்பியர். நல்ல மேக்னடைட் செறிவுள்ள கல்லுக்கே இவ்வளவுதான். 1979 அக்டோபரில் ஏவப்பட்டு 1980 ஜூனில் வளிமண்டலத்தில் விழுந்த மாக்சாட் செயற்கைக்கோளும், 2000 முதல் 2010 வரை சுற்றிய சாம்ப்பும், 2013-இல் ஏவப்பட்ட ஸ்வார்ம் மூன்றும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் கண்டறிந்த அகன்ற பிறழ்வுகள் சில நானோடெஸ்லாவிலிருந்து சில பத்து நானோடெஸ்லா வரைதான். ஆயினும் அவற்றை விளக்க, புவியோட்டின் அடிப்பகுதி பெருந்தடிமனுக்கு மீட்டருக்குச் சில ஆம்பியர் அளவில் காந்தமேறியிருக்க வேண்டும் என்று மாதிரிகள் கேட்கின்றன. மத்திய ஆப்பிரிக்காவின் பாங்கி பிறழ்வு இவற்றுள் பெரியது. அதன் ஊற்று குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை. மேலே எழுந்து வந்து நம் கையில் சிக்கும் கிரானுலைட்களின் சராசரியோ அந்தத் தேவைக்கு எட்டுவதில்லை. அறுபது இடங்களில் எடுத்த என் சொந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டபோது எனக்கும் அதே பற்றாக்குறைதான் வந்தது.

பற்றாக்குறைக்குப் பல விளக்கங்கள் உண்டு. கருவியை வாங்குபவர் அவற்றை அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் ஒவ்வொன்றும் கருவியின் ஒரு வரம்பைத் தொடுகிறது. நாம் அளப்பது 30 டிகிரி செல்சியஸில் கிடக்கும் கல்லை; ஆழத்தில் அதே கல் 400, 500 டிகிரியில் இருக்கும். மேக்னடைட்டின் காந்தம் அறவே மறையும் கியூரி வெப்பநிலை 580 டிகிரி. அதற்குச் சற்று முன் ஏற்புத்திறன் குறையாமல் உயர்ந்து ஒரு முகடு கட்டுவதும் உண்டு. குளிர்ந்த பழங்கேடயப் பகுதிகளில் அந்த 580-ஐ எட்ட 40 கிலோமீட்டர் இறங்க வேண்டியிருக்கலாம். வெப்பமான இளம் பகுதிகளில் அதில் பாதி ஆழம் கூட வேண்டாம். காந்தம் தாங்கும் கனிமம் எது என்பதும் கருவிக்குத் தெரியாது. ஜெர்மனியின் பவேரியாவில் 1994-இல் 9,101 மீட்டரில் நின்ற ஆழ்துளையில் மேக்னடைட்டை விட பிர்ரோடைட் என்ற இரும்பு சல்ஃபைடே முதன்மையான காந்தக் கனிமமாக இருந்தது. பிர்ரோடைட்டின் கியூரி வெப்பநிலை 320 டிகிரியை ஒட்டியது. இரண்டு கற்களும் மேலே ஒரே எண்ணைக் காட்டலாம். ஆழத்தில் ஒன்று பேசும்போது மற்றொன்று ஊமையாகியிருக்கும்.

இவை அனைத்தையும் விடப் பெரிய வரம்பு எஞ்சிய காந்தம். கல் குளிர்ந்த காலத்தின் புலத்தை நினைவில் வைத்திருக்கும் காந்தம் அது. இன்றைய புலத்தை அகற்றினாலும் போகாது. பத்தாயிரம் ஹெர்ட்ஸில் அலையும் சுருள் அதை உணரவே முடியாது. எஞ்சிய காந்தத்துக்கும் தூண்டப்பட்ட காந்தத்துக்கும் உள்ள விகிதத்தைக் கோனிக்ஸ்பெர்கர் விகிதம் என்பார்கள். பெருமணி மேக்னடைட் உள்ள பல கிரானுலைட்களில் அது ஒன்றுக்குக் கீழே இருக்கும்; அங்கே கருவியின் எண்ணை நம்பிக் கணக்கிடலாம். ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் இல்மனைட்டும் மயிரிழைத் தகடுகளாக ஒன்றுக்குள் ஒன்று பிரிந்து கிடக்கும் கற்களில் நிலைமை தலைகீழ். நார்வேயின் தென்மேற்கே ரோகாலண்டில் இத்தகைய பாறைகளின் மீது பல ஆயிரம் நானோடெஸ்லா அளவில் எதிர்மறைப் பிறழ்வுகள் அளக்கப்பட்டுள்ளன. சுமார் 93 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய புலத்துக்கு எதிர்த்திசையில் பதிந்த காந்தம் அவற்றின் காரணம். 2002-இல் ராபின்சன், ஹாரிசன், மெக்கென்ரோ, ஹார்க்ரேவ்ஸ் ஆகியோர் அந்தத் தகடுகளின் எல்லைப் பரப்புகளிலேயே காந்தம் தங்குகிறது என்று விளக்கினார்கள். ஹெமடைட்டின் கியூரி வெப்பநிலை மேக்னடைட்டை விடவும் கூடுதல் என்பதால் ஆழத்திலும் அந்த நினைவு அழியாது. அத்தகைய கல்லின் மீது இந்தக் கருவியை வைத்தால் சாதுவான ஒரு சிறிய எண் வரும். அதை எழுதிக்கொண்டு போகிறவர் ஏமாந்து போவார்.

ஏற்காட்டில் நான் கிட்டத்தட்ட அப்படித்தான் ஏமாந்தேன். சேர்வராயன் மலையின் கிரானுலைட்கள் மிகுந்த ஆக்ஸிஜனேற்ற நிலையில் உருவானவை. அவற்றில் ஹெமடைட் கலந்த இல்மனைட் உண்டு என்பது 1990-களில் வெளியான ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. உச்சியருகே ஒரு திறந்த பாறையில் கருவி 4-ஐத் தாண்டவில்லை. “இங்கே ஒன்றுமில்லை” என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் வந்த மாணவி பாறையின் சாய்வை அளக்கத் திசைகாட்டியை வைத்தபோது முள் நாற்பது டிகிரி திரும்பி நின்றது. “சார், இது எங்கோ இழுக்குது” என்றார். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் முள் ஒழுங்காக வடக்கைக் காட்டியது. அது ஆழத்திலிருந்து வந்த நினைவாக இருக்க வாய்ப்பில்லை. மலையுச்சிப் பாறைகளில் இடி விழுந்த இடம் இப்படித்தான் வலுவான எஞ்சிய காந்தம் பெறும், அதுவும் சிறு வட்டத்துக்குள். காரணம் எதுவாயினும், சில நூறு ரூபாய்த் திசைகாட்டி கண்டதை என் விலையுயர்ந்த கருவி காணவில்லை என்பது உண்மை. அன்றிலிருந்து இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறேன். எஞ்சிய காந்தத்தை முறையாக அளக்க, திசை குறித்த மாதிரியை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை.

இதோடு நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஐரோப்பியர் எழுதிய கையேட்டில் அதைத் தேடிப் பயனில்லை. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. இங்கே புவிக்காந்தப் புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி ஓடுவதால், தூண்டப்பட்ட காந்தமுள்ள கல்லின் நேர் மேலே அதன் சொந்தப் புலம் எதிர்த்திசையில் நிற்கிறது. ஆகவே கருவி அதிக எண் காட்டும் பாறைக்கு மேல் வான்வழிக் காந்த வரைபடம் பள்ளத்தைக் காட்டும். மேடுகள் வடக்கிலும் தெற்கிலும் ஒதுங்கி நிற்கும். வடக்கு தெற்காக நீண்டு ஓடும் டோலரைட் சுவர்கள் தூண்டப்பட்ட காந்தத்தை மட்டும் கொண்டிருந்தால் வரைபடத்தில் ஏறத்தாழ மறைந்தே போகும். கல்லில் 30 என்று எழுதிக்கொண்டு, வரைபடத்தில் மேட்டைக் குறிக்கும் சிவப்புத் திட்டைத் தேடும் மாணவர் தவறான மலைக்குப் போய்விடுவார். என் முதல் ஆண்டு மாணவர் இருவர் அப்படிப் போயும் இருக்கிறார்கள்.

கருவியின் உடல் சார்ந்த குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரை உச்சி வெயிலில் தெரிவதில்லை. தொப்பியால் மறைத்துப் படிக்க வேண்டும். மே மாதத்துக் கல்குவாரியில் கல் கையைச் சுடும்போது இரண்டு காற்று அளவீடுகளுக்கும் இடையே நகர்வு பெரிதாகி, அளவீட்டை நிராகரிக்கிறது. காலை ஒன்பதரைக்குள் வேலையை முடிப்பது உத்தமம். கருவியின் உணர்வு பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே மழையும் வெயிலும் அரித்த பழுப்புத் தோலை அளந்தால் அது தோலின் எண்தான். அங்கே மேக்னடைட்டின் ஒரு பகுதி ஹெமடைட்டாகியிருக்கும். கரடுமுரடான பரப்பில் சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே எண் கணிசமாகச் சரிகிறது. புதிதாக அறுத்த வெட்டுமுகமே சிறந்தது. அந்த வகையில் நம் ஊர்க் கல்குவாரிகள், நிலப்பரப்புக்குச் செய்த கேட்டைத் தாண்டி, காந்தம் அளப்பவர்களுக்கு ஓர் உதவியும் செய்திருக்கின்றன.

பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது அலகில் கவனம் வேண்டும். பல பழைய அறிக்கைகள் சி.ஜி.எஸ். அலகில் எழுதப்பட்டவை; அந்த எண்ணை 12.57-ஆல் பெருக்கினால்தான் எஸ்.ஐ. எண் கிடைக்கும். கருவியிலேயே அலகை மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் எந்த அலகில் நிற்கிறோம் என்பதைத் திரையின் மூலையில் எறும்பளவு எழுத்தில் காட்டுகிறார்கள். ஒரு நாள் முழுக்க எடுத்த எண்களை அதனால் நான் திரும்ப எழுத நேர்ந்தது.

விற்பனைக்குப் பிந்தைய சேவை ஏமாற்றம் தந்தது. எட்டாம் மாதத்தில் பேட்டரி மூடியின் கொக்கி உடைந்தது. மூடியைத் தனியே தர முடியாது, கருவியையே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், போக்குவரத்தும் சுங்கமும் என் பொறுப்பு என்று முகவர் எழுதினார். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக மூன்று மாதம் கருவி இல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் அந்த வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டிருக்கிறது. தரவைக் கணினிக்கு மாற்றும் மென்பொருளைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவுமில்லை.

பாராட்ட வேண்டியவையும் உள்ளன. இரண்டு முறை பாறையில் விழுந்தும், ஒரு முறை நீலகிரியின் மழையில் முழுதாக நனைந்தும், குவார்ட்ஸ் சோதனையில் அதே எதிர்மறை எண்ணையே காட்டுகிறது. இரண்டு சிறு பேட்டரிகளில் ஒரு பருவம் முழுக்க ஓடுகிறது. முப்பது கிலோமீட்டர் ஆழம் வரை இருந்து எழுந்து வந்த நீலகிரிச் சார்னோக்கைட்டின் மீது பதினேழு மாணவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு எண் எடுத்து, பிறகு தங்கள் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேருந்து குன்னூர் இறங்கும் வரை சண்டை போட்டார்கள்.

கல்லூரித் துறைகள் தயங்காமல் வாங்கலாம். கிரானைட் வணிகர்களுக்கும் ஒரே தொகுதிக் கல்லைப் பிரித்தறிய உதவும். காந்தப் பிறழ்வை மாதிரியாக்க நினைக்கும் ஆய்வு மாணவர் இதை மட்டும் நம்பி இறங்கினால் பாதிக் கணக்கோடுதான் திரும்புவார். அவர் பணத்தில் ஒரு பகுதியை மாதிரி வெட்டும் துளைக்கருவிக்கும் ஆய்வகக் கட்டணத்துக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆர்வத்துக்காகக் கல் பொறுக்குபவர்களுக்கு இவ்வளவு விலை வேண்டாம்: பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய சிறு காந்தத்தை நூலில் கட்டிப் பல்லாவரத்துக் கல்லருகே தொங்கவிட்டால், 20 காட்டும் கல்லை நோக்கி அது மெல்லச் சாய்வதைக் காணலாம், 0.4 காட்டும் கல்லருகே அசையாமல் நிற்கும். ஐந்தில் மூன்றரை மதிப்பெண் தருகிறேன். மூடியை ஒழுங்காகச் செய்திருந்தால் நான்கு.